மாப்பிள்ளை முறுக்கு

அந்த மீனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தது அக்காதான். அவளுக்குப் பெண் குழந்தை கிடையாது, ஒரே மகன். வீட்டில் முறுக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா என்று சிரிப்பாள். ஆஸ்கர் மீன், ஒரு அடிக்கு மேலே நீளம், கரியில் நெருப்பு பற்றினாற்போல் நிறம்.

முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு மகன் அக்காவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். மூன்றாம் மாடி, சின்ன வீடு, தொட்டிக்கு இடமில்லை. "சின்னவ பார்த்துப்பா" என்று அக்கா சொல்லிவிட்டாள். அம்மாவின் கடைசி மூன்று வருஷத்தையும், அக்காவின் ஆபரேஷனையும் தங்கையான சின்னவள்தான் பார்த்துக்கொண்டாள். மீன் எந்த மூலைக்கு?

சனிக்கிழமை மதியம் வேனில் இருந்து மாப்பிள்ளையோடு ஒரு மூடி போட்ட டிரம் இறங்கியது. பழைய தொட்டி வாசலில் நுழையாது என்பதால் புதுத் தொட்டி ஒன்று முன்னாலேயே வந்து தயாராக நின்றது. அக்கா போனில் கூடவே இருந்தாள்.

"பழைய ஃபில்டர் பஞ்சைக் கழுவிடாதே. அழுக்கோட அப்படியே வை, தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமி அதுலதான் இருக்கு. புதுத் தண்ணியை ஒவ்வொரு மக்கா டிரம்முல ஊத்து. அவசரப்படாதே. வலை வேண்டாம், செதில் உரிஞ்சிடும்."

ஒன்றரை மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் ஒவ்வொரு மக்காக ஊற்றினாள். பிறகு அகலமான பேசினில் மீனை வாங்கித் தொட்டிக்குள் சரித்தாள். துள்ளினால் மூடி பறக்கும் என்றதால் மேலே இரண்டு செங்கல். மிரளாமல் இருக்க மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டினாள். விளக்கை அணைத்தாள். மாப்பிள்ளை நேராக அடியில் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

"அக்கா, செத்துப்போச்சு போல."

"செத்தெல்லாம் போகலை. கோபம். கண்டுக்காதே, தானா இறங்கி வருவார்."

சின்னவளுக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில், புகார் எடுக்கும் பிரிவில். காதில் ஹெட்போனை மாட்டினால் எட்டு மணி நேரம் ஊர் முழுக்கத் திட்டும். தண்ணி வரலை, வந்தது கலங்கல், கலங்கல் போனா நாத்தம். "மன்னிக்கணும் சார், பதிவு பண்ணிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் தன் குரலே தனக்குச் சலித்துப்போயிருக்கும். கதவைத் திறக்கும்போதே போன் அடிக்கும்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

ஞாயிறு இல்லை. திங்கள் இல்லை. செவ்வாய், நிறம் வெளுத்து மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போட்ட தீனி உருண்டைகள் ஊறி உப்பின. கையை விட்டு அவற்றைப் பொறுக்கினாள். தினமும், பக்கெட்டில் பிடித்து குளோரின் போக ஒரு நாள் வைத்த தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மாற்றினாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. புதன்கிழமை அக்கா மறுபடி கேட்டபோது, இல்லை என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் பேச்சு நீளும் என்று தோன்றியது.

"சாப்பிட்டார்" என்றாள்.

"நிஜமாவா? அப்போ நாளைக்குக் கால் தொட்டித் தண்ணி மாத்திடு. தின்ன ஆரம்பிச்சா அழுக்கும் சேரும்."

வியாழன் காலை பக்கெட்டுகள் காலி. முந்தின ராத்திரி பிடித்து வைக்க உடம்பு வரவில்லை. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. கால் தொட்டியை வடித்து, குழாயில் டியூபை மாட்டி, நேரே தொட்டியை நிரப்பிவிட்டு ஓடினாள்.

பத்தரை மணிக்கு ஒரு அம்மாள் போன் செய்தாள். "தண்ணியில மருந்து வாடை அடிக்குதும்மா. வாயில வைக்க முடியலை." அடுத்த போனும் அதுதான். மூன்றாவதும் அதுதான். சின்னவள் மேற்பார்வையாளரைக் கேட்டாள்.

"பெரிய குழாயைக் கழுவியிருக்காங்க. குளோரின் கொஞ்சம் தூக்கலா இருக்கும். குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க" என்றவர், தெருக்களின் பட்டியலை நீட்டினார். நாலாவதாக அவள் தெரு இருந்தது.

குடிச்சா ஒண்ணும் ஆகாது. அதிலேயே மூச்சு விடுகிற ஜீவனுக்கு? ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "எனக்கு அரை நாள் லீவு வேணும் சார். வீட்டுல உடம்பு சரியில்லை." யாருக்கு என்று அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால் மாப்பிள்ளைக்கு என்றுதான் வாயில் வந்திருக்கும்.

வழியில் மீன் கடையில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து வாங்கினாள். வீட்டில், மாப்பிள்ளை மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். செவுள்கள் படபடத்தன. மருந்தை மொத்தத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு விட்டாள். காற்று மோட்டாரை முழுசாகத் திருப்பினாள். நனைந்த தரையில் அப்படியே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"குழாய்த் தண்ணியை நேரா விட்டுட்டேன் அக்கா. மூச்சு வாங்குது. இன்னொண்ணு, அது சாப்பிடவே இல்லை. நேத்து பொய் சொன்னேன்."

"பொய்னு நேத்தே தெரியும்" என்றாள் அக்கா. "சாப்பிட்டிருந்தா எத்தனை உருண்டை, எதைத் துப்பினார்னு நீயே சொல்லியிருப்பே. தெரிஞ்சும் தண்ணி மாத்தச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். நம்பிக்கிட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"எனக்கு முடியலை அக்கா."

"மீன் வேலையா?"

"எல்லாம்தான்."

அக்கா அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. "போனை வச்சுடாதே, பக்கத்துல வச்சுக்கோ. ரெண்டு பேருமா பார்ப்போம்" என்றாள். மூன்று மணி வரை இருவரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடியது, இந்தப் பக்கம் குமிழி பொங்கியது. செவுள் மெல்ல நிதானத்துக்கு வந்தது. மாப்பிள்ளை கீழே இறங்கி, வழக்கம்போல் ஒருக்களித்துக்கொண்டார். அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

வெள்ளியும் சனியும் ஒன்றும் தொடவில்லை. ஞாயிறு காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு உருண்டையைப் போட்டாள். வந்தார். கவ்வினார், துப்பினார். மறுபடி கவ்வி விழுங்கினார். இன்னும் ஒன்று. வாயில் நுரையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படத் தெம்பு வரவில்லை. தோளில் இருந்த ஏதோ ஒன்று மட்டும் இறங்கியது.

வாய் கொப்பளித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டு அக்கா ஊரே அதிர மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்புறம், அடுத்த வாரம் மகனைக் காரில் கொண்டுவிடச் சொல்லி ரெண்டு நாள் வந்து தங்குவதாகவும், தண்ணி மாற்றுவதைத் தானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்வதாகவும் சொன்னாள்.

"வந்து என் வேலையைக் கூட்டாதே" என்றாள் சின்னவள்.

"வருவேன்" என்றாள் அக்கா.

சின்னவள் போனை அணைத்து அலமாரியில் போட்டாள். பாயை விரித்து, மத்தியானம் வரைக்கும் தூங்கினாள்.