தடம் பதியாத ஜேபஸ் ஹோல்ட்ராய்ட்

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜேபஸ் ஹோல்ட்ராய்டின் காலடி மண்ணில் பதியவில்லை. அவன் சாயப்பட்டறைத் தொழிலாளி. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இங்கிலாந்துக்காக இரண்டு முறை இறங்கியவன். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும். அதைக் கேட்டான், ஆட்டத்தை நடத்திய லண்டன் கனவான்கள் கொடுக்கவில்லை. கூலி கொடுத்த வடக்குச் சங்கத்தின், பதின்மூன்று பேர் ஆடும் ரக்பிக்குப் போய்விட்டான். உடனே கனவான்கள் எழுதினார்கள்: ஜே. ஹோல்ட்ராய்ட் எங்கள் மைதானம் எதிலும் கால் வைத்ததே இல்லை என்று கொள்ளப்படும். நாட்டுக்கு ஆடியதன் அடையாளமாக, ஆட்டத்துக்கு ஒன்றாக அவன் வாங்கிய இரண்டு தொப்பிகளும் செல்லாது. கடிதம் எழுதுகிறவன் எவனையும் நம்பக்கூடாது, ஆனால் இது நடந்தது. பட்டறைத் தரையில் எல்லோர் காலும் நீலமாகப் பதியும், அவன் கால் மட்டும் பதியாது. சந்தோஷப்பட்டது அவன் பெண்டாட்டி கெசையா ஒருத்திதான். அந்தத் தெருவில் பெண்கள் வாசல்படியை வாரம் இருமுறை கல்லால் தேய்த்து வெளுப்பாக்குவார்கள். அவள் படி மட்டும் ஞாயிறுவரை அழுக்காகாது.

தொல்லை ஆட்டத்தில் வந்தது. ஜேபஸ் ஓரத்தில் ஓடுகிறவன். ஓரக்கோட்டை மிதித்தால் பந்து வெளியே போனதாகக் கணக்கு. கோட்டு நடுவர்கள் சேற்றில் குனிந்து பூட்ஸ் ஆணியின் குழியைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். இவனுக்குக் குழி இல்லை. ஐந்து வருஷத்தில் பதினோரு ஆட்டங்களைப் பற்றிச் சங்கத்துக்குப் புகார் மனு போனது. ஊரூராகக் கத்தினார்கள்.

"ஏன்டா ஜேபஸு, பறக்குறவனுக்கு பூட்ஸ் எதுக்குடா? கழட்டி எனக்குக் குடு."

ஆறாம் வருஷம் இங்கிலாந்தின் பதின்மூன்று பேர் அணியில் ஓர் ஓரக்காரனுக்குக் காறை எலும்பு முறிந்தது. வேறு ஆள் இல்லாமல் முப்பத்திமூன்று வயது ஜேபஸைக் கூப்பிட்டார்கள். கமிட்டித் தலைவர் முன்கூட்டியே சொன்னார்:

"கோட்டுத் தகராறு ஒண்ணு வந்துச்சுன்னாலும் உனக்குத் தொப்பி கிடையாதுப்பா."

"புரியுதுங்க."

ஒரு தொப்பியாவது செல்லுபடியாக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. கெசையா அதை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

ஆட்டம் வேல்ஸ் நாட்டோடு. வெல்ஷ்காரர்கள் ஒன்பது புள்ளி, இங்கிலாந்து ஏழு. காலையிலிருந்து மழை. கடைசி நிமிஷத்தில் பந்து ஜேபஸிடம் வந்தது. கோட்டுச் சுண்ணாம்பை ஒட்டியே ஓடினான். ஒரு வெல்ஷ்காரன் இடுப்பில் தொங்கினான், இன்னொருவன் கழுத்தில். இருவரையும் இழுத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி மூலையில் பந்தைத் தரையில் ஊன்றினான். மூன்று புள்ளி, ஜெயம். வெல்ஷ்காரர்கள் கோட்டைக் காட்டிக் கூச்சலிட்டார்கள். கோட்டு நடுவர் எனாக் பிக்கிள்ஸ், குடல்கறிக் கடைக்காரர், முழங்காலிட்டுச் சுண்ணாம்பை முகர்வதுபோலப் பார்த்தார். இரண்டு வெல்ஷ்காரர்களின் தடம் இருந்தது. மூன்றாவது இல்லை. பதினேழாயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லையே," என்றார் எனாக். "நான் என்னத்தைச் சொல்ல?"

அணித்தலைவன் ஏமஸ் ஜேபஸின் காதில் சீறினான்: "உள்ளேதான்னு சொல்லுடா. யாரு நிரூபிப்பான்? ஜெயிச்சா தகராறாவது மண்ணாவது, தொப்பியை நானே வாங்கித் தர்றேன்."

எனாக் நிமிர்ந்தார். நடுவர் ஒருவர் ஆட்டக்காரனைக் கேட்பது அதுவரை எங்கும் நடந்ததில்லை. அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

"நீயே சொல்லு. மிதிச்சியா?"

ஜேபஸ் மூலையில் நட்டிருந்த கொடியைக் கைகாட்டினான்.

"மிதிச்சேன். இடது கால். அந்தக் கொடிக்கு ரெண்டடி முன்னால."

பந்து வெளியே என்று எனாக் தன் கைக்கொடியைத் தூக்கினார். இங்கிலாந்து தோற்றது. ஏமஸ் அவனோடு ஒரே ரயில் பெட்டியில் ஏறவில்லை. தொப்பி வரவில்லை. அலமாரியில் கெசையா தேநீர்க் கெட்டிலை வைத்துக்கொண்டாள்.

அடுத்த பருவத்திலிருந்து ஜேபஸ் ஆடிய இடங்களில் கோட்டு நடுவர்கள் குனிவதை விட்டார்கள். சந்தேகம் வந்தால் அவன் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குவார்கள். அவன் உள்ளே என்பான், அல்லது வெளியே என்பான், ஆட்டம் தொடரும். அப்படி ஒன்பது வருஷம். ஒரு மனுகூடப் போகவில்லை.