ஐந்தாம் வகுப்பில் மூன்றாம் வருஷம்

பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்தில் தவறினால் வகுப்பு ஏற முடியாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் படிப்பு முடிந்தது, பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புடவைக்கடை வைரவநாதனின் மகள் பரிமளம் இரண்டு வருஷம் தவறி, மூன்றாம் வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கோலியாத்தைக் கொன்றது நோவா என்று இந்தப் பரீட்சையில் எழுதியிருந்தாள். விடைத்தாளைப் பார்த்த எஸ்தர் டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைக் கூப்பிட்டார்.

"பக்கத்துப் பிள்ளைக்குத் தாவீதுன்னு நீதானே சொல்லிக் குடுத்த? என் காதுல விழுந்துச்சு."

"பாஸாயிட்டா அப்பா கல்யாணம் பண்ணி வச்சிருவாருங்க, டீச்சர்."

டீச்சர் சிவப்பு மையைத் தொட்டுப் பூஜ்யம் போட்டார்.

"நோவா காலத்துல கோலியாத் பொறக்கவே இல்ல. அடுத்த வருஷமாவது நம்புற மாதிரி தப்பா எழுது."