வெற்று அமிலத்தின் கோடு

1
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. கிண்ணியாவில் ஐஸ் வாங்க நின்றபோது முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கதைத்தார்கள். பாதிதான் கேட்டது. மீதியை நானே கட்டினேன்.

தொடக்கம்: ‘திருகோணமலைத் துறைமுகத்தில் சூரியன் பொன்னாக...’ (வேண்டாம். சனூஸா அப்போது கடலைப் பார்க்கவில்லை.)

2
சனூஸா மீன் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். கெட்ட சூரை மீனில் ஹிஸ்டமின் என்ற சிறிய மூலக்கூறு கூடும். தின்றால் உடம்பு தடித்துச் சிவக்கும். மீன்சாற்றை ஓர் அமிலத்தோடு கலந்து உலோகத் தட்டில் காயவைத்து லேசர் அடித்தால் மூலக்கூறுகள் கிளம்பும். கருவி அவற்றின் நிறையை அளந்து கோடுகளாகக் காட்டும். ஊர் மீனவர் ஆதம்பாவா பிடித்த மீனில் ஹிஸ்டமின் கோடு உயர்ந்து நின்றது. விற்றது போக மிச்சத்தைப் புதைத்தார்கள்.

(பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் வருமுன்பே நான் நின்றுவிட்டேன். பிழையிருந்தால் என்னுடையது.)

பிறகு கரி நானோக் குழாய்கள் வந்தன. தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. அமிலத்துக்குப் பதில் அவற்றைப் பூசினால், லேசரின் சக்தியை வாங்கி மூலக்கூறைக் கிளப்பும். தம் பங்குக்குப் பெரிதாகக் கோடு போடா. உறையவைத்திருந்த ஆதம்பாவாவின் மீன்சாற்றில் சனூஸா பழகிப் பார்த்தாள். ஹிஸ்டமின் கோடு இல்லை. மீனே இல்லாமல் வெற்று அமிலத்தை வைத்தாள். அதே கோடு வந்தது.

அமிலம் உடைந்து போட்ட கோடு அது; மீன் கெட்டிருக்கவில்லை. வெற்று அமிலத்தை அன்றே பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டிருந்தாள்.

3
முதலில் இவளைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். ‘வெள்ளை மேலங்கியில் அவள் தலை நிமிர்ந்து...’ அடித்துவிட்டேன். படித்தவள்மேல் எனக்கிருந்த எரிச்சல் அது. இப்போது அவள் தலை குனிந்து ஆதம்பாவாவின் படலையைத் திறக்கிறாள்.

4
“ஜெமீலா! மீன் டொக்டர் வந்திரிக்கா!”

“ஏன், உங்கட வலைக்கு ஊசி போடவா?” குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல்.

“மாமா, அந்த மீன்...”

“கதிரையில இரி மகள். அதை ஏன் இப்ப? வாங்கின வீடெல்லாம் போய் மாப்புக் கேட்டுட்டன். ஒரு வீட்டில கதவே திறக்கல்ல. நியாயம்தானே. நீ கண்டுபிடிக்காட்டி ஊருக்கே நஞ்சு குடுத்திருப்பன்.”

“கடலுக்குப் போறீங்களா?”

“ஏலாது. மீனைத் தொடவே மனசு வரல்ல. அல்லாஹ் உனக்கு நல்ல அறிவைத் தந்திரிக்கான் புள்ள.”

5
ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறாள், அவர் மன்னிக்கிறார். (எனக்கு வசதி.)

இன்னொன்று: தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அதைச் சொல்லாமலே...

எழுத ஏலவில்லை. “மாமா” என்று வாய் திறந்துவிட்டாள். அவளுடைய இடத்தில் நான் என்றால் பொய்தான் சொல்லியிருப்பேன். அந்த வெட்கத்தில் பேனை நிற்கிறது. அடுத்த சொல்லை நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபடி எழுதுங்கள். அவள் இன்னும் பார்க்கவில்லை.