கடைசி அடுப்பு

சின்னத்தம்பி, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியின் வீட்டுப் பிள்ளை. எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில் இலங்கையில் அவர் இருந்த தேயிலைத் தோட்டத்து வீடுகள் எரிந்தபோதுகூட யார் காலிலும் விழாதவர். தீயில் மாண்ட மனைவியை அங்கேயே புதைத்துவிட்டு, மகன் மருதையோடும் மகள் காவேரியோடும் கப்பலேறி, ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வந்து சேர்ந்தார்.

எண்பத்து நாலு ஆடியில் மருதை வாயைத் திறந்தான்.

"சேலத்துல இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறாங்கப்பா. நான் போறேன்."

"எந்த நாட்டுக்குடா சாகப் போறே? அவங்க கேக்கிற நாட்டுல நம்ம தேயிலை மலை இல்லை. அங்கேயும் உன்னைத் தோட்டக்காட்டான்னு இளக்காரமாத்தான் சொல்லுவான்."

"சொல்லட்டும். கொளுத்த வந்தா நம்ம கையில துப்பாக்கி இருக்குமில்ல? அன்னிக்கு அம்மாவுக்கு யாரு நின்னா?"

"அதுக்கு நாடு வேணாம். ஒரு ஊர் போதும். இங்கே நமக்கு அது இருக்கு."

"இருக்கா? நாளைக்கு மாரியம்மன் பொங்கல். அடுப்பு வரிசையில உங்க பானைக்கு இடம் விட்டா நான் போகலை. விடலேன்னா சாயந்தரம் பஸ் ஏறிடுவேன்."

அந்த எஸ்டேட்டில் அடுப்பு வரிசைதான் சட்டம். முதலில் மலையேறி வந்த குடும்பத்துக்கு அம்மனுக்கு நேரே முதல் அடுப்பு. பின்னால் வந்தவர்கள் பின்னால். இவர்களை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை, இவரும் கேட்டதில்லை. சின்னத்தம்பி இருந்த இலங்கைத் தோட்டத்திலோ கங்காணி வீட்டு அடுப்பு பற்றிய பிறகுதான் மற்ற அடுப்புகள் பற்றும். மறுநாள் கால் பழகின இடத்துக்கே போயிற்று. அம்மனுக்கு நேரே மூன்று கல்லை வைத்தார்.

"சிலோன் மகாராசா வந்துட்டாருங்கோ!" என்று அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அம்மணி என்பவள் கூவ, பெண்கள் சிரித்தார்கள்.

வரிசைக்குப் பொறுப்பான வெங்கடாசலம் ஓடி வந்தார். "ஏனுங்க பெரியவரே, அது எங்க பாட்டன் காலத்து எடமுங்க. கோவிச்சுக்காதீங்க. நீங்களும் நம்ம சனந்தானுங்க, ஆரு இல்லேன்னாங்க? அந்தக் கடைசில வெச்சுக்கோங்க. நொம்ப நல்ல நெழலுங்க."

அவர் காட்டிய இடத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

காவேரி அப்பாவின் கையைத் தொட்டாள். "வெச்சிருவோம்பா. இடம் குடுத்துட்டாங்க. அண்ணன் நின்னுரும்."

அது சின்னத்தம்பிக்கும் தெரிந்தது. குனிந்து கல்லைப் பொறுக்கிக் கடைசியில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. முதுகு வளையவில்லை.

"செருப்புக்குப் பக்கத்துல எங்க அடுப்பு எரியாது" என்று பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

மருதை வழியில் மறித்தான். "அவங்க விரட்டலையேப்பா. சொன்ன சொல்லுக்கு நான் நிக்கிறேன். போய் வையுங்க."

"கடைசில நிக்கவாடா உன்னைப் பெத்தேன்?"

மருதை அவரையே பார்த்தான். "அப்ப நான் போறது சரிதானேப்பா?"

சாயங்கால பஸ்ஸில் அவன் ஏறியபோது, காவேரி அழுது கெஞ்சியும், போகாதே என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

மாசியில் இயக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் மருதை செத்த செய்தி கொண்டுவந்தார்கள். உடல் இல்லை. எந்த ஊர்க் காட்டில் விழுந்தான் என்று சின்னத்தம்பி கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டுச் சனம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வெங்கடாசலம் துக்கத்துக்கு வந்தார். சின்னத்தம்பி வாசலில் நிமிர்ந்து நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.