முப்பத்து மூன்று வருஷ நோட்டீஸ்

எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்காகக் கேட்பதே இல்லை. "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தத் தெரிந்தவருடைய வீட்டு ஓனர் சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் திறந்து உள்ளே வரலாமா? தெரிந்தவருடைய செல்போனைப் போலீஸ்காரர் வாங்கிப் பார்க்கலாமா? பக்கத்து வீட்டு மாமரம் நம் பக்கம் தலை நீட்டினால் வெட்டலாமா? நானும் அந்தத் தெரிந்தவருக்கே பதில் சொல்லி அனுப்பிவைப்பேன். பாவம், எவ்வளவு கஷ்டம் அந்த மனுஷருக்கு!

நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர் வரி கவுண்டருக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருக்கிறது எங்கள் மேசை. 'சட்டக் கேள்விகளுக்கு விடை' என்று மேலே ஒரு பலகை. நாற்காலி இரண்டு. ஒன்றில் நான், எட்டு வருஷமாக. இன்னொன்றில் கமா. அவருக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் எந்தத் தாளையும் கமா கமாவாக நின்று, மூச்சு வாங்கிப் படிக்கிற மனுஷரை வேறு என்னவென்று கூப்பிடுவது? நான் பத்துப் பேரை அனுப்பி முடிக்கும்போது அவர் மூன்றாவது ஆளின் இரண்டாவது பக்கத்தில் இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலையும் அப்படித்தான் பற்றிக்கொண்டு இருந்தேன். அப்பாவுக்குக் குடலில் கட்டி. பதினோரு நாள் கழித்து ஆபரேஷன். ஆஸ்பத்திரிப் படிவங்களை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத இடைவெளியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். 'நோயாளி சுயநினைவில் இல்லாதபோது முடிவெடுப்பவர்' என்று ஒரு கட்டம். முதலில் கணவன் அல்லது மனைவி, திருமணப் பதிவு எண்ணுடன். அப்படி ஒருவர் இல்லையென்றாலோ, நோயாளியே எழுதிக் கேட்டாலோ, வயது வந்த பிள்ளை. நான் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"உங்க கல்யாண சர்டிபிகேட் ஹால்ல மாட்டியிருக்குல்ல, அதுல இருக்கிற நம்பரைப் படி."

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மிஷினை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தமெல்லாம் கேட்டது. நம்பரைப் படித்தாள். ஐந்து இலக்கம். பதிவு எண்ணுக்கு எட்டு இலக்கம் வேண்டுமே!

"மேல என்ன எழுதியிருக்கு? தலைப்பைப் படி."

"என்னடி, கண்ணாடி போடாம நிக்கறேன், படுத்தற… 'திருமண அறிவிப்பு'… அப்புறம் சின்ன எழுத்துல 'ரசீது'."

என் கையிலிருந்த பேனா உருண்டு கீழே போனது. அறிவிப்பு என்றால் வெறும் நோட்டீஸ். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், ஆட்சேபணை இருப்பவர் சொல்லலாம் என்று முதலில் எழுதிக் கொடுப்பது. முப்பது நாள் போன பிறகு மறுபடி வந்து பதிவு செய்யவேண்டும். இதைத் தினமும் யாராவது ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் நான். பிறந்ததிலிருந்து ஹாலில் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், பாடம் படித்திருக்கிறேன், ஒட்டடைகூட அடித்திருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிமிர்ந்து படிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தை உடைத்தேன். அம்மா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் இவருக்கு யாரு?"

"சட்டப்படின்னா…"

"சட்டப்படிதான் கேக்கறேன். ஊரெல்லாம் வந்து கேக்குதுல்ல உன்கிட்ட? எனக்கும் சொல்லு."

"சட்டப்படி யாரும் இல்லம்மா."

அப்பா தொண்டையைக் கனைத்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். பன்னிரண்டு மாடிக்குக் கம்பியில் தொங்குகிறவருக்கு அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. "இதுல என்ன இருக்கு? பாப்பா பேரைப் போட்டுடலாம். அவ பார்த்துப்பா" என்றார்.

"நான் பார்த்துப்பேன்" என்றாள் அம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றி இறக்கினாள்.

சொந்தக்காரர் விவகாரத்தை நாங்களே எடுக்கக் கூடாது என்பது எங்கள் மேசையின் விதி. ஆக, மறுநாள் என் அப்பாவும் அம்மாவும் கமாவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அம்மா அந்தச் சட்டத்தைப் பழைய தலையணை உறையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் என் நாற்காலியில் அடுத்த ஆளுக்கு, வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று விளக்கிக்கொண்டே, காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன். என்ன சொன்னேனோ, அந்த மனுஷர் என்ன ஆணி அடித்தாரோ, தெரியாது.

புது நோட்டீஸ் கொடுத்தால் முப்பது நாள். ஆபரேஷனுக்கு இருப்பது பத்து. இதுதான் கணக்கு, இதற்கு விடை கிடையாது என்று நான் ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். கமா முடிவு எதுவும் செய்யவில்லை. சட்டத்தை வாங்கி, முன்பக்கத்தைத் தலைப்பிலிருந்து முத்திரை வரை படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்தார்.

"கழட்டலாமாம்மா? பின்பக்கம், ஏதாவது, இருக்கும்."

இருந்தது! 'முப்பது நாட்களுக்குப் பின் இருவரும் இரண்டு சாட்சிகளுடன் நேரில் வரவும்' என்று கொட்டை எழுத்தில். வாங்கிய மறுநாளே அதைக் கண்ணாடி போட்டு, அட்டை வைத்து, ஆணி அடித்து மாட்டிய புண்ணியவான் என் அப்பா. அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள்.

"பின்னாடி படிக்கலையா நீங்க?"

"முன்னாடி முத்திரை இருந்துச்சு. அழகா இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"அப்புறமும் தெரியவே தெரியாதா?"

அப்பா கைகளை முழங்காலில் தேய்த்தார். கமா குனிந்து படித்துக்கொண்டிருந்தார். அப்பா மெதுவாகச் சொன்னார்: "பாப்பாவை ஸ்கூல்ல சேர்க்கிறப்ப தெரியும். அங்க கிளார்க் சொன்னாரு, இது சர்டிபிகேட் இல்ல சார்னு."

இருபத்தேழு வருஷம்! நான் ஆணிக்காரரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"ஏன் சொல்லல என்கிட்ட?" அம்மாவின் குரல் தண்ணீர் வரி வரிசை வரை போனது. அங்கே நின்றவர்கள் எல்லாம் சட்டென்று அமைதியானார்கள், ஒரு வார்த்தைகூட விட்டுப்போய்விடக் கூடாது என்று.

"சொன்னா மறுபடி உன்னைக் கூட்டிட்டு வரணும். நீ வந்து சம்மதம் சொல்லணும். அந்த வருஷம் நாம எப்படி இருந்தோம், ஞாபகம் இருக்கா? நீ தனியா சமைச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தே. வேணாம்னு சொல்லிட்டீன்னா?"

அம்மா பொய் சொல்ல மாட்டாள், அதுதான் அவளிடம் தொல்லை.

"சொல்லியிருப்பேன்" என்றாள். "அந்த வருஷம் கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

அப்பா தலையை ஆட்டினார். அவர்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு அந்த நிமிஷம் அப்படி ஒரு பாசம் பொங்கியது. எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆபீஸ் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

"இங்க, கடைசியில, ஒரு வரி இருக்கு" என்றார் கமா. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "'இருவரில் ஒருவர், எழுத்து மூலம், திரும்பப் பெறாத வரை, இந்த அறிவிப்பு செல்லும்.'"

நான் பாய்ந்தேன். "ஒரு வருஷம்தான் செல்லும்னு சட்டம் மாத்தியாச்சே சார்!"

"மாத்தினாங்க. ஆனா, எந்தத் தேதியில இருந்து?"

அதற்காக அவர் அலமாரியிலிருந்து மூன்று விதிப் புத்தகம் இறக்கினார். நாற்பது நிமிஷம். வரிசையில் நின்ற ஒருவர் கொட்டாவி விட, நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். முடிவில் கமா நிமிர்ந்தார். திருத்தம் வந்தது இருபது வருஷத்துக்கு முன்பு. அதற்கு முன்னால் கொடுத்த நோட்டீஸை அது தொடவில்லை. என் அப்பா அம்மாவின் நோட்டீஸ் உயிரோடு இருந்தது. முப்பது நாள் பொறுக்கச் சொன்னார்கள், இவர்கள் முப்பத்து மூன்று வருஷம் பொறுத்திருக்கிறார்கள், இதில் யாருக்கு என்ன ஆட்சேபணை? எட்டு வருஷமாக அந்த மனுஷரை நான் திட்டாத திட்டில்லை. மனதுக்குள் அத்தனையையும் வாபஸ் வாங்கினேன்.

மாடியில் இருக்கும் பதிவாளர் ஆபீசுக்குப் போனோம். பெற்ற பிள்ளை சாட்சி போடக் கூடாதாம், ஆகவே கமாவும் தண்ணீர் வரி கவுண்டர் அக்காவும் சாட்சி. பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சுய விருப்பத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமா சார்!" அப்பா பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அம்மா.

எனக்குத் திக்கென்றது. பேனாவை நீட்டிய பதிவாளரின் கை அப்படியே நின்றது. அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஆபரேஷனுக்கு யார் பேரைப் போடப் போறீங்க?"

"பாப்பா…" என்று இழுத்தார் அப்பா. "உனக்காகத்தான் சொல்றேன். உள்ள ஏதாவது ஒண்ணு ஆகி, உன்னை வந்து கேட்டாங்கன்னா? நீ தாங்க மாட்டே."

"நான் தாங்க மாட்டேனா? உங்களையே முப்பத்து மூணு வருஷம் தாங்கியிருக்கேன்!"

தண்ணீர் வரி அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. "அந்தக் கேள்வி வந்தா என்கிட்டதான் வரணும். இல்லன்னா இந்தக் கையெழுத்து எனக்கு எதுக்கு? வீட்ல மாட்டவா?"

அப்பா "உன் பேர்தான்" என்றார். "போடறேன். நீயே பார்த்துக்கோ. இப்பவாவது சரின்னு சொல்லு, சார் காத்திருக்காரு."

"சம்மதம் சார்" என்று பேனாவை வாங்கினாள் அம்மா.

அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். ஆனால் ஆபரேஷன் நடந்த அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரம் என்று உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் கதவு திறந்து டாக்டர் பச்சை உடையோடு வெளியே வந்தார், முகமூடியைக் கீழே இழுத்தபடி. அவர் கேட்டது என்னை இல்லை.

"மனைவி யாரு?"

அம்மா எழுந்து நின்றாள்.

கட்டி நினைத்ததைவிடக் கீழே இறங்கியிருக்கிறதாம். முழுசாக எடுக்க வேண்டுமென்றால் குடலை வயிற்று வழியாக வெளியே திருப்பி ஒரு பை பொருத்தவேண்டும். ஆயுளுக்கும் அந்தப் பையோடுதான். வேண்டாமென்றால் இப்போது மூடிவிட்டு மருந்தில் பார்க்கலாம், ஆனால் கட்டி இருக்கும். "முன்னாடியே அவர்கிட்ட பேசினப்ப பை வேண்டாம்னுதான் ஆசைப்பட்டாரு. உறுதியா எழுதித் தரல. நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

என்னைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்குப் பிடிக்காதே என்று தயங்கியிருப்பேன். பத்து நிமிஷம் கேட்டிருப்பேன். யாருக்காவது போன் போட்டிருப்பேன். ஊருக்கெல்லாம் உரிமையைச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அது கைக்கு வரும்போது இவ்வளவு கனக்கும் என்று அதுவரை தெரியாது.

அம்மா பத்து நிமிஷம் கேட்கவில்லை.

"பையோட லிஃப்ட் வேலைக்குப் போக முடியாது, இல்லையா?"

"கஷ்டம்தான்மா."

"என்மேல கோவிச்சுக்குவார்" என்றாள் அம்மா. "ரொம்ப நாளைக்குக் கோவிச்சுக்குவார். கோவிச்சுக்கட்டும். ஆள் இருந்தாத்தானே கோவிச்சுக்க முடியும்? எடுத்துடுங்க டாக்டர்."

நர்ஸ் நீட்டிய தாளில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். டாக்டர் உள்ளே போனார். கதவு மூடியதும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்க வேர்த்திருந்தது.

"நான் சொன்னது சரிதானேடி?"

எனக்குத் தெரியவில்லை. "சரிதாம்மா" என்றேன்.