விதைநெல் கிணறு

1990 இல் எங்கள் ஊரான கிரானை விட்டு அகதிமுகாமுக்கு ஓடுமுன், கொள்ளை போகாதிருக்க விதைநெல்லைப் பாழ்கிணற்றுக்குள் இறக்கிப் பலகையால் மூடினோம். மாரிமழை முடிந்து, கோடையில் செய்யும் சிறுபோக விதைப்புக்குத் திரும்பினோம். பலகையை நீக்கியதும் புளித்த வாடை வந்தது. புளிக்கும் நெல் கிணற்றுக் காற்றை நஞ்சாக்கும் என்பது, இரசாயனவியல் படித்த எனக்கே தோன்றவில்லை.

“படிச்ச மாப்பிள்ளைக்குக் கயித்தில இறங்கத் தெரியுமா? புடிங்க,” என்று சிரித்தபடி, மிஞ்சியதை எடுக்க என் மனைவி பூரணி இறங்கினாள். அடியை எட்டுமுன் கை நழுவி விழுந்தாள். கூப்பிட்டேன். பதில் இல்லை.

நான் இறங்கப் போனேன். பக்கத்து வளவுக் கோணாமலையண்ணன் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

“பொறு தம்பி, விளக்க உட்டுப் பாப்பம்.”

அவர் மனைவி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். பாதிக் கிணற்றிலேயே அது அணைந்தது.

அதன் பிறகு நான் திமிறவில்லை.