கொக்கு போட்ட முடிச்சு

கொக்கு வராமலிருக்க மீன் பண்ணைக் குளத்தின் மேல் வலை விரித்து மூன்று வாரமாகியும் மீன் குறைந்துகொண்டேதான் வந்தது.

"கொக்குதான் மாமா, வேற யாரு? வலையில எங்கயாவது ஓட்டை இருக்கும்," என்றான் பண்ணைக்காரரின் மனைவியின் தம்பி. கேட்கும் முன்பே பதில் சொல்கிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மனைவியின் முகத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலை வலையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை. கொக்கு கொத்தித் தப்பிய மீனின் முதுகில் காயம் இருக்கும். பிடித்துப் பார்த்த மீன் ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை. பிறகு மூலைகளுக்குப் போனார். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சுதான் அவர் கட்டுவது. மூன்று மூலைகளில் அது அப்படியே இருந்தது. நான்காவதில் மட்டும் முயல் காது போல இரண்டு வளையம் விட்ட பூ முடிச்சு.

மைத்துனன் பின்னாலேயே வந்து நின்றான். "கொக்கு எங்க நுழையுதுன்னு தெரிஞ்சுதா மாமா?"

"தெரிஞ்சுது மாப்ள. மூலையை அவிழ்த்து உள்ள வருது. போகும்போது சமத்தா கட்டிவச்சிட்டுப் போகுது."

பண்ணையில் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. அவன் ஒருவனுக்குத்தான் கயிறு கட்டிய பூட்ஸ். அவர் குனிந்து அதை நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, உன் பூட்ஸையும் அந்தக் கொக்குதான் கட்டிவிட்டுதா?"